அறை நண்பர்களிடையே சின்னச் சின்னக் கடன்கள்: எழுதி வைப்பதா, விட்டுவிடுவதா?

வேளச்சேரி மாடிவீடு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வேளச்சேரியில் ஒரு மாடிவீட்டில் நான்கு பேர் சேர்ந்து தங்கியிருக்கிறோம். மூன்று பேர் கல்லூரிக் காலத்துப் பழக்கம். நான்காமவர் எங்களில் ஒருவரின் ஊர்க்காரர். வாடகையையும் அட்வான்ஸையும் குடிவரும்போதே பேசிப் பிரித்துக்கொண்டோம். அதில் இன்றுவரை ஒரு சொல் எழவில்லை. தகராறெல்லாம் அதற்குக் கீழே இருப்பவற்றில்தான். தண்ணீர் கேன், பால், காய்கறி, சிலிண்டர், ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, ஒருவர் எல்லோருக்குமாக எடுக்கும் சினிமா டிக்கெட், இரவு ஆட்டோ, பிறகு மாதக் கடைசியில் "ஐந்நூறு அனுப்பு, சம்பளம் வந்ததும் தருகிறேன்" என்று வாங்கும் கைமாற்று.

யார் கையில் பணம் இருக்கிறதோ அவர் கொடுப்பது என்றுதான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் எங்களில் ஒருவன் மூன்று மாதச் செலவை உட்கார்ந்து எழுதி, யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். கணக்கில் தவறு கிடையாது. ஆனால் இன்னொருவன் "நட்புக்குள் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டாயா" என்று கேட்டுவிட்டுக் குழுவிலிருந்தே விலகிவிட்டான். எங்களில் சம்பளம் குறைந்தவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவன் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதில்லை. எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

சேர்ந்து தங்கியவர்கள், தங்குபவர்கள் சொல்லுங்கள். இதை எப்படிக் கையாண்டீர்கள்? எழுதுவது தவறா, எழுதிய விதம் தவறா?

---

காவேரிப் பாலம்

எழுதுங்கள். நினைவை நம்பாதீர்கள்.

1979இல் ராஸ், சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் தம்பதிகளிடம், வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். பெரும்பாலான வீடுகளில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுமைக்கு மேலே போனது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் செய்தது ஒவ்வொருவருக்கும் எளிதாக நினைவுக்கு வருகிறது. மற்றவர் செய்தபோது நாம் பக்கத்தில் இருப்பதில்லை.

உங்கள் வீட்டில் நான்கு பேர். "நான்தான் அதிகம் கொடுக்கிறேன்" என்று நான்கு பேருமே உண்மையாக நம்பிக்கொண்டிருக்கக்கூடும். அந்த நம்பிக்கை உள்ளுக்குள் ஊறி ஒருநாள் வேறு ஏதோ ஒரு சண்டையில் வெளிப்படும். பாத்திரம் கழுவவில்லை என்று தொடங்கும் சண்டைக்குள் ஆறு மாதத்துப் பால் பாக்கெட் இருக்கும். கணக்கு கண் முன்னால் இருந்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

---

பாலாற்றங்கரை

காவேரிப் பாலம் அண்ணா, மன்னியுங்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நண்பன் என்றால் அவனுக்குச் செய்ததை மறந்துவிட வேண்டும். நாங்கள் ஐந்து பேர் வேலூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இன்றுவரை டீக்கு யார் கொடுத்தது என்று கேட்டது கிடையாது. இன்று நீ, நாளை நான், அவ்வளவுதான். எப்படியோ சமமாகிவிடும். ஆகாவிட்டால்தான் என்ன? 40 ரூபாயை எழுதி வைப்பவன் அந்த 40 ரூபாயை என்னைவிடப் பெரிதாக நினைக்கிறான் என்றுதானே பொருள்?

பட்டியல் போட்ட நண்பருக்கு நியாயம் இருக்கலாம். ஆனால் குழுவை விட்டுப் போன நண்பரின் வலியும் நியாயமானதுதான்.

---

அம்பத்தூர் ஷிப்டு

உங்கள் நான்கு பேரில் சம்பளம் குறைந்தவரைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசுகிறேன், ஏனென்றால் சில வருடம் நான் அந்த இடத்தில் இருந்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை. அறையில் மற்ற மூவரும் மென்பொருள் நிறுவனங்களில் இருந்தார்கள். மூவருமே தங்கமானவர்கள், இன்றும் நண்பர்கள்.

பாலாற்றங்கரை நண்பரே, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் "எங்களுக்குள் கணக்கே இல்லை" என்று ஒரு வீட்டில் சொல்ல முடிவது பணம் உள்ளவருக்கு மட்டும்தான். இல்லாதவன் மனதில் ஒவ்வொரு ரூபாயும் எழுதப்பட்டிருக்கும். அவன் கையில் நோட்டு இருக்காது, ஆனால் யார் எப்போது அவனுக்காகக் கொடுத்தார்கள் என்பது தேதியோடு தெரியும். அவர்கள் "விடுடா" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த வரி அழிவதில்லை. தொகை இல்லாத வரியாக மாறிவிடுகிறது.

1,340 ரூபாய் என்றால் ஒரு ஓவர்டைம் பார்த்துத் தீர்த்துவிடலாம். "எவ்வளவோ செய்திருக்கிறார்கள்" என்பதை எந்த ஓவர்டைமாலும் தீர்க்க முடியாது. அதன் விளைவு எங்கே தெரியும் தெரியுமா? எந்த ஓட்டலுக்குப் போவது, என்ன படம் பார்ப்பது, வீட்டுக்கு வைஃபை வேண்டுமா, சமையலுக்கு ஆள் வைக்கலாமா என்று பேச்சு வரும்போது நான் வாயே திறக்க மாட்டேன். மற்றவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், நான் என்ன கருத்துச் சொல்வது? எனக்கு மலிவான கடையே போதும் என்று சொல்லக்கூட உரிமை இல்லாதது போல் இருக்கும். கடைசியில் வேலை இருக்கிறது என்று சொல்லி ஒதுங்கிவிடுவேன். உங்கள் நண்பர் ஞாயிற்றுக்கிழமை வராமல் இருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் அறையில் பிறகு நோட்டு போட்டார்கள். போடச் சொன்னது நான். என் பெயருக்கு நேரே ஒரு தொகை வந்ததும் எனக்கு மூச்சு வந்தது. அதைவிட முக்கியமானது, எந்தச் செலவில் நான் சேர்ந்தேன், எதில் சேரவில்லை என்று எழுத ஒரு இடம் கிடைத்தது. பிரியாணியில் நான் உண்டு, படத்தில் இல்லை. அதற்குப் பிறகு "நான் வரவில்லை" என்று சொல்வது கோபமாகவோ தாழ்வாகவோ யாருக்கும் தோன்றவில்லை.

ஆகவே எழுதுங்கள். ஆனால் மூன்று மாதத்தை மொத்தமாகச் சேர்த்து எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரே நாளில் போடாதீர்கள். அது எனக்கு நடந்திருந்தால் நானும் சாப்பிட வந்திருக்க மாட்டேன்.

---

பாலாற்றங்கரை

அம்பத்தூர் நண்பரே, இதை நான் யோசித்ததே இல்லை. எங்கள் ஐவரிலும் ஒருவன் டிரைவராக இருக்கிறான். கொஞ்ச காலமாகவே எங்களோடு வெளியூர் வருவதில்லை. லீவு கிடைக்கவில்லை என்கிறான். அவனிடம் பேசிப் பார்க்கிறேன்.

ஆனாலும் டீயை எழுதுவதற்கு என் மனம் இடம் கொடுக்காது.

---

அம்பத்தூர் ஷிப்டு

டீயை எழுத வேண்டாம். எங்கள் நோட்டிலும் டீ கிடையாது. 50 ரூபாய்க்குக் கீழே எதையும் எழுதுவதில்லை என்று வைத்திருந்தோம்.

---

தென்னந்தோப்பு

நான் கீரமங்கலம் பக்கம். நட்பு, உறவு என்றால் கணக்கு எழுதக்கூடாது என்று பேசுவது எங்கள் ஊரில் எடுபடாது. நாங்கள் எழுதியே வளர்ந்தவர்கள்.

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ தேவையில்லை, விருந்தே மொய்க்காகத்தான். செலவைக் குறைக்கப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள். ஆட்டுக்கறிச் சாப்பாடு, வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசையிலும் ஒருவருடைய பெயர், நோட்டோடு எழுதுகிற ஆள். இப்போது பல இடங்களில் கணினியும் பணம் எண்ணும் இயந்திரமும் வந்துவிட்டன. ஒரு முறை வைத்தவர் அடுத்து வைக்க ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

இதில் எழுதுவது அவமானம் கிடையாது. எழுதாமல் விட்டால்தான் அவமானம். செய்தவரின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டால் அவர் செய்ததை மதிக்கவில்லை என்று பொருள். திரும்பச் செய்யும்போது அப்பா பழைய நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். 1,000 வந்திருந்தால் 2,000 செய்வார். அதில் 1,000 பழையதைத் தீர்க்கிறது, மீதி 1,000 புதிதாக அவர்கள் மேல் ஏறுகிறது. கணக்கை முழுதாக நேர் செய்து முடித்துக்கொண்டால் உறவே வேண்டாம் என்றாகிவிடும். அதனால் யாராவது ஒரு பக்கம் பாக்கி இருந்துகொண்டே இருக்கும்படிதான் செய்வார்கள்.

இந்தப் பணத்தில் வீடு கட்டியவர்கள், ஆழ்துளைக் கிணறு போட்டவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். வட்டி இல்லை, பிணை இல்லை, நோட்டில் ஒரு வரி மட்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. தோப்பை நம்பியிருந்தவர்கள் கையில் பணம் இல்லை, ஆனால் நோட்டு அப்படியே இருந்தது. வாங்கியதைத் திரும்பச் செய்யக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கொடுக்க முடியாத காலத்தில் எப்படி நடந்துகொள்வது என்று நோட்டில் எழுதியிருக்காது. அதை எழுதுகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டு நோட்டிலும் முதலில் இதைப் பேசிவிடுங்கள்.

---

குறிஞ்சி மலர்

ஒரு பெண்ணாக இதில் ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இதுவரை எல்லோரும் பணத்தை மட்டும் எழுதுகிறீர்கள்.

கோவையில் நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டில் இருந்தோம். செலவுகளைக் காசு விடாமல் எழுதினோம். மாதக் கடைசியில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் எங்களில் ஒருத்திக்கு மனக்குறை இருந்துகொண்டே இருந்தது. சிலிண்டர் வரும் நாளில் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போவது அவள். காய்கறி வாங்கி இரண்டு மாடி தூக்கிவருவது அவள். இரவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ரசம் வைப்பதும் அவள். நோட்டில் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை. காய்கறிக்கு மூன்றில் ஒரு பங்கு அவளும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உழைப்புக்கு விலை போடச் சொல்லவில்லை. போட ஆரம்பித்தால் வீடு வீடாக இருக்காது. நாங்கள் செய்தது, சமைக்கிறவள் சிலிண்டருக்குப் பங்கு தர வேண்டாம் என்று வைத்தோம். சின்ன விஷயம்தான். ஆனால் அவள் செய்வது எங்களுக்குத் தெரிகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. வேளச்சேரி சகோதரரே, உங்கள் வீட்டில் யார் சமைக்கிறார், யார் கடைக்குப் போகிறார் என்று பாருங்கள். சம்பளம் குறைந்த அந்த நண்பர்தான் அந்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தால் நான் வியப்படைய மாட்டேன். பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஈடுகட்டுகிறார்கள்.

---

வேளச்சேரி மாடிவீடு

குறிஞ்சி மலர் அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே உண்மை. சமைப்பது அவன்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். கரண்ட் பில். இரண்டு படுக்கையறைகளில் ஒன்றில்தான் ஏசி இருக்கிறது. அந்த அறையில் இரண்டு பேர். பில்லை இதுவரை நான்காகப் பிரிக்கிறோம். இது சரியா?

---

சப் மீட்டர்

சரியில்லை. ஏசி அறைக்காரர்கள் "யூனிட் கணக்குப் போட்டுக் கூடுதலாகத் தருகிறோம்" என்றால்கூடச் சரியாக வராது. நான் மின்பணி செய்கிறவன், விளக்கமாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பில். முதல் 100 யூனிட் இலவசம். அதற்குப் பிறகு படிப்படியாக விலை ஏறும். பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கட்டண அட்டவணையே வேறு. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. கீழே இருக்கும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் விலை கூடிவிடும்.

ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒன்றிலிருந்து ஒன்றரை யூனிட் இழுக்கும். இன்வெர்ட்டர் வகை இதைவிடக் குறைவு. மணிக்கு ஒரு யூனிட், இரவுக்கு 8 மணி நேரம் என்று வைத்தாலும் 60 நாளில் 480 யூனிட். ஏசி இல்லாமல் உங்கள் நான்கு பேருக்கும் ஃபிரிட்ஜ், மின்விசிறி, மோட்டார், விளக்கு எல்லாம் சேர்த்து 300 வந்தால் 780. அதாவது ஏசி இல்லாவிட்டால் நீங்கள் குறைந்த அட்டவணையில் இருந்திருப்பீர்கள். ஏசி உங்கள் எல்லோரையும் மேல் அட்டவணைக்குக் கொண்டுபோய்விட்டது. மின்விசிறிக் காற்றில் படுக்கிறவரும் அந்த விலையில்தான் மின்விசிறி ஓட்டுகிறார்.

எனவே மொத்தப் பில்லை யூனிட்டால் வகுத்து ஏசி யூனிட்டால் பெருக்கினால் ஏசிக்காரருக்கு லாபம், மற்றவருக்கு நட்டம். செய்ய வேண்டியது இது. ஏசிக்குத் தனியாக ஒரு சப் மீட்டர், அதாவது அது இழுக்கும் யூனிட்டை மட்டும் காட்டும் சின்ன மீட்டர், போடுங்கள். பில் வந்ததும் அந்த யூனிட்டைக் கழித்துவிட்டு, ஏசியே இல்லாதிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று பாருங்கள். மின்வாரிய இணையதளத்தில் யூனிட்டைக் கொடுத்தால் தொகை சொல்லும் பகுதி இருக்கிறது. அந்தத் தொகையை நான்காகப் பிரியுங்கள். மீதி முழுவதும் ஏசி அறையில் இருக்கும் இருவருடையது. வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள்.

---

காவேரிப் பாலம்

சப் மீட்டர் நண்பரே, அருமை. இதை நான் எங்கள் குடியிருப்புக்கும் எடுத்துக்கொள்கிறேன்.

---

சுழியம்

கணக்கை எப்படித் தீர்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. எழுதுவதைவிடத் தீர்ப்பதில்தான் நண்பர்கள் களைத்துப்போகிறார்கள்.

யார் யாருக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு செலவையும் தனித்தனியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. நான் உனக்கு 300 தர வேண்டும், நீ அவனுக்கு 300, அவன் எனக்கு 300 என்றால் மூன்று பேரும் ஒரு ரூபாய்கூட அசைக்க வேண்டாம். மொத்தமாகப் பார்க்கும்போதுதான் இது தெரியும்.

ஐந்து பேர் ஏற்காடு போனதாக வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 15,000. தலைக்கு 3,000. முதலாமவர் வண்டிக்கும் அறைக்கும் 9,000 கொடுத்தார். இரண்டாமவர் சாப்பாட்டுக்கு 4,500. மூன்றாமவர் 1,500. மற்ற இருவர் ஒன்றும் கொடுக்கவில்லை. இப்போது ஒவ்வொருவரும் கொடுத்ததிலிருந்து 3,000ஐக் கழியுங்கள். முதலாமவருக்கு 6,000 வர வேண்டும், இரண்டாமவருக்கு 1,500. மூன்றாமவர் 1,500 தர வேண்டும், மற்ற இருவர் ஆளுக்கு 3,000. மூன்றாமவர் இரண்டாமவருக்கு அனுப்புகிறார். மற்ற இருவர் முதலாமவருக்கு அனுப்புகிறார்கள். மூன்றே அனுப்புதலில் முடிந்தது. எத்தனை செலவு இருந்தாலும் ஐந்து பேருக்கு நான்கு அனுப்புதலுக்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது. பத்துப் பேர் என்றால் ஒன்பது. எப்போதும் ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறைவு.

ஸ்பிளிட்வைஸ் போன்ற செயலிகள் செய்வதும் இதைத்தான். நான்கு பேருக்கு எக்செல் போதும், நோட்டும் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இப்படிச் சுருக்கும்போது, நான் பணம் வாங்காத ஒருவருக்கு நான் அனுப்ப வேண்டி வரலாம். குழுவில் இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை சரியில்லை என்றால் அங்கே சுருக்காதீர்கள். "எனக்கு அவன்தான் தர வேண்டும், நீ ஏன் தருகிறாய்" என்ற கேள்வி வரும்.

---

தாமரைக்குளம்

யூபிஐ பற்றி ஒரு தகவல். முன்பெல்லாம் நண்பருக்கே "பணம் அனுப்பவும்" என்று செயலியிலிருந்து கோரிக்கை அனுப்பலாம். தனிநபர்களுக்கிடையிலான அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அதை வைத்து மோசடி நடந்ததுதான் காரணம். இனி நேரே கேட்க வேண்டும், அல்லது நண்பரே பார்த்து அனுப்ப வேண்டும். அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் "ஜூன் கணக்கு" என்று எழுதிவிடுங்கள். பிறகு தேடும்போது உதவும்.

---

பார்த்தசாரதி தெரு

எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. எண்பதுகளில் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் பல வருடம் இருந்தேன். சின்ன அறை, மூன்று கட்டில், ஊர் ஊராக வந்த ஆட்கள். அங்கே கற்றதைச் சொல்கிறேன், தம்பிகளுக்கு உதவினால் மகிழ்ச்சி.

நோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கொடுத்தவரே எழுத வேண்டும், அன்றே எழுத வேண்டும். அடுத்தவர் எழுதியதை யாரும் திருத்தக்கூடாது. சந்தேகம் இருந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடலாம். இதில் ஒருவர் கணக்குப்பிள்ளையாகவும் மற்றவர்கள் கடன்காரர்களாகவும் ஆகிவிடும் நிலைமை வராது. வேளச்சேரித் தம்பி, உங்கள் வீட்டில் நடந்த பிழை அதுதான் என்று எனக்குப் படுகிறது. ஒருவரே உட்கார்ந்து எழுதி, ஒருவரே அறிவித்தார். மற்ற மூவரும் தீர்ப்பைக் கேட்க நிற்பவர்கள்போல் ஆனார்கள். ஒரே தொகையை நான்கு பேரும் சேர்ந்து எழுதியிருந்தால் யாரும் எழுந்து போயிருக்க மாட்டார்கள்.

சம்பளம் வந்த வாரத்தில் ஒரு மாலை கணக்கு முடிப்போம். அதற்கு மேல் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போட மாட்டோம். பழைய பாக்கி பெருகினால் கொடுக்க வேண்டியவன் முகத்தைத் தவிர்ப்பான்.

அந்தக் காலத்தில் இன்னொரு வசதி இருந்தது, சில்லறை இல்லாத வசதி. 37 ரூபாய் தர வேண்டியவன் 35 கொடுப்பான், அல்லது 40 கொடுத்துவிட்டு விடுவான். யாரும் மன்னித்ததாகவும் இல்லை, ஏமாற்றியதாகவும் இல்லை. இப்போது 37 ரூபாயை 37 ரூபாயாகவே அனுப்ப முடிகிறது. முடிவதாலேயே அனுப்பாவிட்டால் குறையாகத் தெரிகிறது. அதனால் பத்து ரூபாய்க்கு முழுதாக்கிக்கொள்வது என்று நீங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எங்கள் நோட்டில் சில விஷயங்கள் ஏறாது. மருத்துவமனைக்கு ஆட்டோ, மருந்து, ஊரில் சாவு என்று தந்தி வந்தால் பஸ்ஸுக்குக் கொடுப்பது. அதை யாரும் எழுத மாட்டார்கள். திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வோம், கேட்க மாட்டோம். எதை எழுதுவது என்று பேசுவதைப் போலவே எதை எழுதக்கூடாது என்றும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

---

பாலாற்றங்கரை

ஐயா, இப்படி ஒரு நோட்டு என்றால் நான் ஒத்துக்கொள்கிறேன். டீயும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை எழுதலாம்.

---

கருப்பு அங்கி

சின்னக் கடன் பற்றிய இழை என்பதால் சட்டம் பேசத் தயங்கினேன். ஆனால் சின்னது பெரிதாகும் இடத்தை நான் தினம் பார்க்கிறேன், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

400, 1,000 என்று போகும் கைமாற்று சட்டெனப் 40,000 ஆகும். அக்கா கல்யாணம், பைக், அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. அந்தத் தொகையை வீட்டு நோட்டில் எழுதாதீர்கள். தனியாக எழுதுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. வங்கி வழியாகவே கொடுங்கள். அதுவே உங்களுக்கு ஆதாரமும் ஆகும்.

1963ஆம் வருடக் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான். அந்தக் காலத்துக்குள் கடன் வாங்கியவர் "இவ்வளவு தர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டாலோ, ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து அதற்கு அவர் கையெழுத்தில் பதிவு இருந்தாலோ அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கும். "நண்பனிடம் எப்படிக் கேட்பது" என்று நாலு வருடம் காத்திருந்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அப்போது என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடிவதில்லை.

புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்ட பத்திரம், எழுதச் சொன்னால் நண்பன் வருந்துவான் என்று தயங்குகிறீர்களா? "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் வீட்டாருக்கு உன்னைத் தெரியாது, அதற்காக" என்று சொல்லுங்கள். அது உண்மையான காரணமும்கூட.

---

வேளச்சேரி மாடிவீடு

எல்லோருக்கும் நன்றி. இழையை மற்ற மூவருக்கும் அனுப்பினேன். நேற்று இரவு நான்கு பேரும் மாடியில் உட்கார்ந்து பேசினோம். குழுவை விட்டுப் போனவன் முதல் ஆளாக வந்துவிட்டான். அவனுக்கு வருத்தம் தொகையைப் பற்றி இல்லையாம். தன்னைக் கேட்காமல் தன் பெயருக்கு நேரே ஒரு எண் வந்ததுதானாம். பார்த்தசாரதி தெரு ஐயா சொன்னது அப்படியே.

சமையலறைச் சுவரில் ஒரு நோட்டு மாட்டியாயிற்று. கொடுத்தவர் எழுத வேண்டும், யார் யார் சேர்ந்தார்கள் என்றும் எழுத வேண்டும். 50 ரூபாய்க்குக் கீழே கிடையாது. மருத்துவச் செலவு கிடையாது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கணக்கு முடிப்பது. சமைக்கிறவனுக்கு சிலிண்டரிலும் தண்ணீர் கேனிலும் பங்கு இல்லை. அதற்கு அவன் முதலில் மறுத்தான், பிறகு "வாரத்தில் இரண்டு நாள் நீங்கள் சமையுங்கள், அப்படியானால் சரி" என்றான். ஒத்துக்கொண்டோம்.

ஒன்று மட்டும் முடியவில்லை. அந்தப் பழைய மூன்று மாதப் பட்டியலில் அவன் பெயரில் 2,860 ரூபாய் நிற்கிறது. மற்ற மூவரும் அதை அடித்துவிடலாம் என்கிறோம். அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அம்பத்தூர் அண்ணா, என்ன செய்யலாம்?

---

அம்பத்தூர் ஷிப்டு

அடிக்காதீர்கள் தம்பி. மூன்று பேர் கூடிப் பேசி, அவன் இல்லாத இடத்தில் அவன் கடனைத் தள்ளுபடி செய்தால், அந்த 2,860 ரூபாய் அவனை விட்டு எப்போதும் போகாது. அவனுக்கு மிக நெருக்கமான ஒருவர் மட்டும் தனியாகப் பேசுங்கள். முதலில் அந்தப் பட்டியலை அவனே பார்த்து, தான் சேராத செலவுகளை எடுத்துவிடட்டும். மூன்று மாதமும் சமைத்தது அவன் என்றால், இப்போது வைத்த விதியை அந்த மாதங்களுக்கும் பொருத்தி சிலிண்டர், தண்ணீர் கேன் பங்கைக் கழியுங்கள். அது சலுகை இல்லை, அவனுக்குச் சேர வேண்டியது. மிச்சம் என்ன வருகிறதோ அதை எத்தனை மாதத்தில் தருவது என்று அவனே சொல்லட்டும். மாதம் 200 என்றாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது "இதெல்லாம் எதற்குடா" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

---

வேளச்சேரி மாடிவீடு

அப்படியே செய்தோம், அண்ணா. கழித்தது போக 1,570 நின்றது. மூன்று மாதத்தில் தருகிறேன் என்றான், முதல் தவணையையும் அனுப்பிவிட்டான். இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். எந்தக் கடையில் வாங்குவது என்று முடிவு செய்ததும் அவன்தான்.

சப் மீட்டருக்கு வீட்டு உரிமையாளர் சம்மதித்துவிட்டார். அளவு எந்த நாளில் எடுக்க வேண்டும்?

---

சப் மீட்டர்

மின்வாரியத்திலிருந்து அளவெடுக்க வரும் அதே நாளில் எடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் கோடையில் பத்து யூனிட் வித்தியாசம் வரும். மீட்டரைப் படம் எடுத்து, அளவைத் தேதியோடு உங்கள் நோட்டில் எழுதிவிடுங்கள். மாட்டும் நாளில் மீட்டர் காட்டும் தொடக்க எண்ணையும் நான்கு பேரும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய மீட்டர் வாங்கினால் அது பூஜ்யத்தில் இருக்காது.